ஸ்கோரர் கை தூக்கவில்லை

நாற்பத்து மூன்று விக்கெட்டுகளை நான் வேறொருத்தி பெயரில் எழுதினேன். தெரிந்தே எழுதினேன், நல்ல கையெழுத்தில், சிவப்புப் பேனாவால். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையில் என்னை உத்தமி என்று யாராவது நினைத்துவிட்டால் அப்புறம் எனக்குத்தான் சங்கடம்.

என் பெயர் பேச்சியம்மாள். தூத்துக்குடித் துறைமுகத்தில் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுவது வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாவட்டப் பெண்கள் கிரிக்கெட் அணியின் ஸ்கோரர். இருபது வருடம் எழுதினேன். அதற்குப் பிறகு எழுதுவதற்கு ஆட்டமே இல்லாமல் போயிற்று.

ஆட்டம் ஏன் இல்லாமல் போனது என்பதைச் சொல்ல வேண்டும். 2057 கோடையில் நாடு முழுக்க மூன்று பேர் மைதானத்திலேயே வெயில் தாங்காமல் செத்தார்கள். தேசியக் கிரிக்கெட் ஆணையம் பயந்துபோனது. பயந்ததில் தப்பில்லை. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்தில்தான் கோளாறு. மாவட்டங்களின் பழைய ஸ்கோர் புத்தகங்களை எல்லாம் வாங்கி ஒரு கணினிக்குள் போட்டார்கள். யார் யாருக்கு எப்படிப் பந்து போட்டார்கள், யார் எதில் அவுட் ஆனார்கள் என்று அது படித்துக்கொண்டது. அதன் பிறகு எந்த மாவட்டமும் மைதானத்துக்குப் போக வேண்டியதில்லை. இரண்டு அணிகளின் பெயர்ப்பட்டியலைக் கொடுத்தால், அந்தக் கணினி தனக்குள்ளேயே பத்தாயிரம் தடவை ஆடிப் பார்த்து, சராசரியாக வந்த முடிவை ஞாயிறு காலை அனுப்பிவிடும். யார் எத்தனை ரன், யாருக்கு எத்தனை விக்கெட், எல்லாம் வந்துவிடும். அதுதான் அதிகாரபூர்வ முடிவு. கோப்பையும் அதன்படி, தேர்வும் அதன்படி.

ஆணையம் அதற்கு ‘முன்னறி’ என்று பெயர் வைத்தது. எங்கள் ஊரில் கிளி என்போம். கூண்டிலிருந்து வந்து சீட்டெடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கூண்டுக்குள் போகிற கிளி.

ஐந்து பருவத்துக்காவது புத்தகம் இல்லாத புது மாவட்டங்கள் மட்டும் நிஜமாக ஆட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. ‘பாவம், வெயிலில் கிடந்து சாகட்டும்’ என்று அவர்களைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். என்னிடம் இருபது வருடப் புத்தகம் இருந்தது. ஒரு கறை இல்லாமல், அட்டை போட்டு, நானே ரயிலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெருமை வேறு எனக்கு.

அந்தப் புத்தகங்களின் கடைசி இரண்டு பருவத்தில்தான் என் திருட்டுத்தனம் இருந்தது.

ரெக்ஸலின் பர்னாந்துக்கு அப்போது பதினேழு வயது. மணப்பாட்டுப் பெண். ஓடி வந்து பந்தை விட்டால் காற்றைக் கிழிக்கிற சத்தம் ஸ்கோரர் மேஜை வரைக்கும் கேட்கும். ஆனால் பிறப்புச் சான்றிதழ் இல்லை. புயலில் வீட்டோடு போய்விட்டது. அது இல்லாமல் ஆணையம் பதிவு செய்யாது. நகல் வாங்க அலைந்து இரண்டு வருடம் ஆயிற்று. அதுவரைக்கும் என்ன செய்வது? பதிவு செய்துவிட்டு நர்சிங் படிக்கப் போய்விட்ட ஜெபராணியின் பெயர் சும்மா கிடந்தது. ரெக்ஸலின் அந்தப் பெயரில் ஆடினாள். கீழ் மட்ட கிரிக்கெட்டில் ஆள் மாற்றி ஆடுவது எல்லா ஊரிலும் உண்டு. எதிரணிக்கும் தெரியும், அவர்களிடமும் ஒருத்தி அப்படி இருப்பாள், அதனால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இரண்டு பருவம், பதினேழு ஆட்டம், நாற்பத்து மூன்று விக்கெட். ஒவ்வொன்றையும் ‘ஜெபராணி’ என்று எழுதினேன்.

சான்றிதழ் வந்து, ரெக்ஸலின் சொந்தப் பெயரில் ஒரே ஒரு ஆட்டம் ஆடினாள். மழை வந்து பாதியில் நின்ற ஆட்டம். இரண்டு ஓவர், பத்தொன்பது ரன், விக்கெட் இல்லை. அடுத்த பருவத்திலிருந்து கிளி வந்துவிட்டது.

ஜெபராணி பெயரையும் நான் நீக்கவில்லை. பதிவில் ஆள் குறைந்தால் மைதானத்தைப் பிடுங்கிவிடுவார்கள். ஆகவே வருடா வருடம் எல்லாப் பெயரையும் மொத்தமாகப் புதுப்பித்துவிடுவேன். ஒரு பொத்தானை அமுக்குவதுதானே வேலை.

மூன்று வருடம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை துறைமுகத்தில் யூரியா மூட்டை எண்ணிக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. தேசிய அணியின் பயிற்சி முகாமுக்குத் தேர்வு: ம. ஜெபராணி, தூத்துக்குடி, வேகப்பந்து. மூன்று பருவங்களில் நூற்றுப் பன்னிரண்டு விக்கெட்.

அன்றைக்கு மூட்டைக் கணக்கு தப்பியது. என் சர்வீஸில் முதல் தடவை.

நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஜெபராணி வார்டில் ஒரு தாத்தாவுக்கு டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, முகாமுக்கு ஒன்னய எடுத்திருக்காவ.”

“எந்த முகாம்க்கா? ரத்ததானமா? நான் போன மாசந்தான் குடுத்தேன்.”

“கிரிக்கெட்டுட்டி! தேசிய டீமு!”

அவள் சிரித்தாள். பிறகு நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். “எக்கா, நான் பந்தைத் தொட்டு எட்டு வருசமாச்சு. என் மவ வெளாட்டுப் பந்து சோபாவுக்கு அடியில போனா அதக் குனிஞ்சி எடுக்கக்கூட எனக்கு இடுப்பு வலிக்கி.”

ஐஸ் கம்பெனிக்குப் போனேன். ரெக்ஸலின் அங்கேதான் வேலை பார்த்தாள். தினமும் காலை ஐந்தரைக்கு உப்பள மைதானத்தில் தனியாக ஒற்றை ஸ்டம்ப் நட்டு நூறு பந்து போட்டுவிட்டு, அப்புறம் ஐஸ் உடைக்க வருவாள். ஆடுவதற்கு ஆட்டமே இல்லாத மூன்று வருடமும் இந்த நூறு பந்து நிற்கவில்லை. எதற்கு என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டாள்.

போனை வாங்கிப் படித்தாள்.

“நூத்திப் பன்னெண்டா?”

“ஆமாட்டி.”

“மூணு வருசத்துல கிளி எனக்கு எத்தன குடுத்திருக்கு?”

“நாலு.”

“அப்ப நான் என்னய விட நல்லாப் பந்து போட்டிருக்கேன். அப்படித்தானக்கா?” என்றாள். மரச் சுத்தியலை எடுத்து ஒரு ஐஸ் கட்டியை ஒரே அடியில் தூளாக்கினாள். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.

வியாழக்கிழமை ஆணையத்திலிருந்து ஆள் வந்துவிட்டார். அபிநந்தன், வளர்ச்சி அதிகாரி, சென்னைக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். மரியாதையான மனிதர். வில்லன் மாதிரி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மைதானத்து ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். நான், அவர், ரெக்ஸலின், ஜெபராணி. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார்.

“மேடம், இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்ல சார். தப்பு எம்மேலதான். நாப்பத்து மூணு எடத்துல பேர மாத்திட்டா சரியாப் போவும்லா?”

“போகாது மேடம். அதான் பிரச்சினை. நாப்பத்து மூணு தப்பை வச்சுக்கிட்டு முன்னறி மூணு வருஷம் ஆடியிருக்கு. உங்ககிட்ட தோத்த டீம் எல்லாம் தப்பாத் தோத்திருக்கு. அந்த டீம்கள்கிட்ட ஜெயிச்சவங்க தப்பா ஜெயிச்சிருக்காங்க. தெற்கு மண்டலத்துல எந்த முடிவும் நிக்காது. மண்டலம் ஆடினா நாடே ஆடிடும்.”

“அப்ப நெசமா ஒரு தடவ ஆட விட்டுப் பாருங்க.”

“வெயில்ல மூணு பேர் செத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கா? அதுல ஒருத்தங்க என் கூட காலேஜ்ல படிச்சவங்க.” கோபமாகச் சொல்லவில்லை.

பிறகு அவர் ரெக்ஸலின் பக்கம் திரும்பினார். “நல்லா யோசிச்சுப் பாருங்க. முன்னறி தேர்ந்தெடுத்தது உங்க பந்தைத்தான். ஆள் நீங்கதான், பேர் மட்டும்தான் வேற. கெஜட்ல பேர் மாத்திக்கலாம். ஒரு மாசத்துல முடிச்சிடலாம், நானே பாத்துக்கறேன். இனிமே நீங்க ஜெபராணி. முகாமுக்குப் போங்க, நாட்டுக்கு ஆடுங்க. யாருக்கும் நஷ்டம் இல்லை.”

“நாங்க இதுக்கு ஒத்துக்கிட மாட்டோம்னா?” என்று கேட்டேன்.

“விதிப்படி போனா, பொய்யா எழுதின ஸ்கோரருக்கு ஆயுள் தடை. அவங்க எழுதின புத்தகம் மொத்தமும் செல்லாது. இருபது வருஷம், மேடம். இந்த ஊர்ல ஆடின ஒவ்வொரு பொண்ணோட ரன்னும் விக்கெட்டும் இல்லாமப் போயிடும். நான் மிரட்டலை. விதி அப்படித்தான் இருக்கு.”

இப்போது நான் செய்ததைக் கேளுங்கள். ரெக்ஸலின் கையைப் பிடித்துக்கொண்டு, “சரின்னு சொல்லிருட்டி,” என்றேன். நான்தான் சொன்னேன். பெயரில் என்ன இருக்கிறது, பந்து போட்டால் போதும் என்றேன். அந்த இருபது வருடப் புத்தகத்தைத் துணியில் சுற்றி வைத்ததெல்லாம் கண்முன் வந்தது. பயந்துவிட்டேன்.

முதலில் ஜெபராணிக்குத்தான் கோபம் வந்தது. “நல்லாருக்கே நாயம்! அவ ஜெபராணின்னா நான் யாரு? நாளைக்கு டி.வி.யில அம்மா பேரு வருதுன்னு எம்மவ ஓடி வந்து பாத்தா, அங்கன வேற ஒருத்தி நிப்பாளா?”

ரெக்ஸலின் என் கையை உதறவில்லை. மெதுவாக எடுத்து என் மடியிலேயே வைத்தாள். “எக்கா, பதினேழு வயசுல சரின்னேன். அப்ப வேற வழி இல்ல. ஒவ்வொரு விக்கெட் விழுறப்பவும் எல்லாரும் ‘ஜெபா, ஜெபா’ன்னு கத்துவாவ. நான் அங்கன நின்னு யாரையோ கூப்பிடுதாவன்னு பாத்துக்கிட்டு நிப்பேன். இன்னொருக்க என்னால முடியாது. நாலு விக்கெட்டுன்னாலும் அது எம்பேர்ல இருக்குல்லா, அது போதும் எனக்கு.”

“கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? தேசிய டீமுட்டி!”

“ஆமா, கோட்டிதான்.”

அபிநந்தன் எழுந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை இங்கேயே விழா வைத்திருப்பதாகச் சொன்னார். கிளி கண்டெடுத்த முத்து என்று நாடு முழுக்க நேரலை. தேசிய அணியின் தொடக்க ஆட்டக்காரி மிருணாள் சாத்தே வருகிறாள், அவளுக்கு ஒரே ஒரு ஓவர் போட்டுக் காட்ட வேண்டும். அழைப்பெல்லாம் போய்விட்டது, இனி நிறுத்த முடியாது.

“ஓவர் போடுதேன்,” என்றாள் ரெக்ஸலின். “மத்தது பொறவு.”

அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு முகம் மலர்ந்தார். என்னிடம் வந்து, “நீங்களும் பழையபடி மேஜை போட்டு, புத்தகம் வச்சு உக்காருங்க மேடம். அம்பயரும் இருக்கட்டும். கேமராவுக்கு அந்தக் கால அழகு வேணும்,” என்றார்.

அழகாம். சரி என்றேன்.

ஞாயிறு காலை ஆறரை மணி. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். உப்பளத்துப் பக்கமிருந்து காற்று. மேட்டிங் பாய் விரித்து ஆணி அடித்தாயிற்று. மைதானத்தின் ஒரு பக்கம் பெரிய திரை. ஆயிரம் பேராவது வந்திருந்தார்கள். அம்பயராக சுயம்புலிங்கம் அண்ணாச்சி. துறைமுக எடைமேடையில் வேலை. லாரி ஒரு கிலோ கூட இருந்தாலும் திருப்பி அனுப்புகிற மனிதர். அவரிடம் பேசி ஜெயித்தவர் துறைமுகத்தில் கிடையாது. மூன்று வருடமாகப் பெட்டியில் கிடந்த வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

கிரிக்கெட் பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அம்பயர் நாலு ரன் என்று கையை ஆட்டினால் அது ஜனங்களுக்காக இல்லை, ஸ்கோரருக்காக. ஸ்கோரர் ‘பார்த்துவிட்டேன், எழுதிவிட்டேன்’ என்று பதிலுக்குக் கை தூக்க வேண்டும். தூக்கும்வரை அடுத்த பந்தைப் போட விடக்கூடாது. உலகம் முழுக்க அதுதான் விதி. இருபது வருடத்தில் என் கை ஒரு தடவைகூடத் தாமதித்ததில்லை. சிக்னல் வந்தால் தானாக மேலே போகும்.

ரெக்ஸலின் ஓடி வந்தாள். மூன்று வருடத்துக்குப் பிறகு எதிரே மட்டையோடு ஒருத்தி. அவசரப்பட்டுவிட்டாள். பந்து குட்டையாக, வெளியே விழுந்தது. சாத்தே அதை வெட்டினாள், கயிற்றைத் தாண்டி உப்புக் குவியலில் போய் மோதியது. நாலு ரன்.

கூட்டம் ‘ச்சே’ என்றது. திரையில் எழுத்து வந்தது: ம. ஜெபராணி, ஒரு பந்து, நான்கு ரன்.

சுயம்புலிங்கம் அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

என் வலது கை எழுந்தது. அதை இடது கையால் பிடித்து மேஜைக்குக் கீழே இழுத்து, தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். உண்மையாகவே சொல்கிறேன், அது அங்கே கிடந்து துடித்தது.

அண்ணாச்சி மறுபடி ஆட்டினார். நான் அசையவில்லை. ரெக்ஸலின் பந்தோடு அடுத்த ஓட்டத்துக்கு நின்றாள். அண்ணாச்சி குறுக்கே கை நீட்டி அவளை நிறுத்தினார்.

அபிநந்தன் மேடையிலிருந்து ஓடி வந்தார். “என்ன ஆச்சு மேடம்? உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கு.”

“அப்புறம் கை தூக்குங்க. லைவ் போயிட்டிருக்கு.”

“யாரு போட்ட பந்துன்னு தெரியாம எப்படி சார் எழுத? திரையில ஒரு பேரு இருக்கு. மைதானத்துல வேற ஆளு நிக்கி. பேர மாத்துங்க, தூக்குதேன்.”

“இப்பவா? இங்கயா? நாலு ரன் குடுத்த பந்துக்குப் போயா இத்தனை?”

“அடி வாங்கினாலும் அவ பேர்ல வாங்கட்டும்,” என்றேன்.

இதை நான் முன்கூட்டி யோசித்து வைக்கவில்லை. ஏதாவது செய்ய வேண்டும் என்று மட்டும் நினைத்து வந்தேன். விக்கெட் விழுந்தால் எழுந்து மைக்கில் சொல்லலாம் என்று ஒரு எண்ணம் இருந்தது. விழுந்ததோ அடி. அடியைப் பார்த்ததும்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அதைக்கூட அவளிடமிருந்து பிடுங்கி வேறொருத்திக்குக் கொடுக்கிறார்களே என்று வயிறு எரிந்தது. கொடுத்துப் பழக்கியவளே நான்தான் என்பதும் சேர்ந்து எரிந்தது.

அவர் அம்பயரிடம் ஓடினார். அம்பயர் கோட்டிலும் மைக் மாட்டியிருந்தார்கள், ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டது.

“சார், ஆட்டத்தைத் தொடருங்க. சிஸ்டத்துல ரன் ஏறிடுச்சு.”

“ஸ்கோரர் கை தூக்கலியே சார்.”

“சிஸ்டமும் ஸ்கோரர்தான் சார். அது ரெக்கார்ட் பண்ணிடுச்சு!”

“அப்படியா? அதுக்குக் கை இருந்தாத் தூக்கச் சொல்லுங்க,” என்றார் அண்ணாச்சி. மூன்றாவது தடவையாக என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். கூட்டம் ஹோவென்று சிரித்தது.

எதிரே சாத்தேவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ரெக்ஸலினிடம் ஏதோ கேட்டாள். ரெக்ஸலின் தன் நெஞ்சில் கை வைத்துப் பதில் சொன்னாள். சாத்தே திரையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மட்டையைத் தரையில் போட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நேரலைக் கேமராக்களுக்குக் காட்ட எதுவும் இல்லாமல் போயிற்று. அந்த நேரம் பார்த்து கயிற்றுக்கு வெளியே ஒரு குரல். இரவு டூட்டி முடித்து நர்ஸ் உடுப்போடு, இடுப்பில் மகளோடு ஜெபராணி நின்றாள்.

“நாந்தான் ஜெபராணி! நான் இங்கன நிக்கேன். அங்கன பந்து போடுதது யாருன்னு கேளுங்க!”

கேமரா எல்லாம் அவள் பக்கம் திரும்பின. நான் மேஜையிலிருந்த மைக்கை எடுத்தேன்.

“ஐயா, அம்மா, நான் ஸ்கோரர் பேச்சியம்மா. இந்தப் பிள்ள பேரு ரெக்ஸலின் பர்னாந்து. அஞ்சு வருசத்துக்கு முந்தி இவ எடுத்த நாப்பத்து மூணு விக்கெட்ட ஜெபராணி பேர்ல எழுதினவ நான்தான். அத நம்பித்தான் உங்க மிசினு நூத்திப் பன்னெண்டு விக்கெட் எடுத்திருக்கு. என்ன தண்டன உண்டோ குடுங்க, வாங்கிக்கிடுதேன். ஆனா இந்த நாலு ரன்ன அவ பேர்ல எழுதாம நான் கை தூக்க மாட்டேன். வெயில் ஏறுது, சீக்கிரம் சொல்லுங்க.”

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்காதீர்கள். பதினோரு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். அபிநந்தன் போனில் யார் யாரிடமோ கெஞ்சினார், சத்தம் போட்டார், கடைசியில் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுத் திரைக்காரரிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார். அந்த ஒரு காரியத்துக்காக அவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

திரை ஒரு தடவை அணைந்து எரிந்தது. ரெக்ஸலின் பர்னாந்து, ஒரு பந்து, நான்கு ரன்.

ரெக்ஸலின் அதைப் பார்த்தாள். நாலு ரன் அடி வாங்கியதற்காக அழுத ஒரே பந்துவீச்சாளர் அவளாகத்தான் இருப்பாள். இல்லை, அழுததே நான்தான், அவள் சிரித்தாள். கூட்டம் முதல் தடவையாக அவள் பெயரைச் சொல்லிக் கத்தியது. இந்தத் தடவை அவள் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நிற்கவில்லை.

அண்ணாச்சி நாலாவது தடவை கையை ஆட்டினார். நான் எழுந்து நின்று கை தூக்கினேன்.

மிச்ச ஐந்து பந்தையும் போட்டாள். ரன் கிடையாது. இரண்டு பந்து சாத்தேயின் மட்டையை ஏமாற்றிக்கொண்டு போயின, ஒன்று கையுறையில் பட்டது. விக்கெட் விழவில்லை. கதைக்காக விழுந்தது என்று எழுதலாம்தான். ஆனால் இல்லாததை ஒரு தடவை எழுதியதே போதும்.

பத்தாவது நாள் ஆணையத்தின் கடிதம் வந்தது. எனக்கு ஆயுள் தடை. நான் எழுதிய இருபது வருடப் புத்தகங்களும் செல்லாது. தூத்துக்குடி மாவட்டத்தின் எல்லாப் பதிவுகளும் முன்னறியிலிருந்து நீக்கப்படுகின்றன. ரெக்ஸலினின் நாலு விக்கெட்டும் போயிற்று. முகாமும் போயிற்று.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஐஸ் கம்பெனிக்குப் போனேன். அவளிடம் கொடுக்கவே கை கூசியது. அவள் படித்தாள், இரண்டாவது தடவையும் படித்தாள்.

“எக்கா, நம்ம புஸ்தகம் ஒண்ணுங்கூட இல்லன்னா, கிளி நம்மள எப்படி ஆடும்?”

“எப்படி ஆடும்? நம்மளப் பத்தி அதுக்கு ஒரு எழவும் தெரியாதே.”

“அஞ்சு பருவத்துக்குப் புஸ்தகம் இல்லாத மாவட்டத்துக்கு என்ன விதி?”

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவள் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் கம்பெனிக்காரர்கள் எல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஆணையத்தால் தன் விதியைத் தானே தாண்ட முடியவில்லை. அடுத்த மாதம், உப்பள மைதானத்தில், காலை ஆறு மணிக்கு, நிஜ ஆட்டம். எதிரே ராமநாதபுரம். எங்களோடு ஆட வேண்டுமென்றால் அவர்களும் வந்துதான் ஆக வேண்டும். பத்து ஓவருக்கு ஒரு தடவை நிழலில் உட்கார்ந்து மோர் குடித்தாக வேண்டும், ஒன்பது மணிக்கு மேல் ஒரு பந்து கிடையாது என்று நாங்களே விதி போட்டோம். செத்துப்போன மூன்று பேரை நாங்களும் மறக்கவில்லை.

தடை பெற்றவள் ஸ்கோரர் மேஜைக்கு இருபது அடிக்குள் வரக்கூடாதாம். அளந்து, இருபத்தோராவது அடியில், தண்ணீர் டிரம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மேஜையில் புதுப் புத்தகம், முதல் பக்கம். அதன் முன்னால் ஜெபராணி. ஒரு மாதம் என்னிடம் ஏச்சு வாங்கிக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். டெம்பரேச்சர் சார்ட் எழுதுகிறவளுக்கு இது பெரிய விஷயமில்லை.

ராமநாதபுரத்து ஸ்கோரர் கோதண்டம், என்னைவிட மூத்தவர் என்றாலும் எல்லாரையும் அக்கா என்கிறவர், ஆட்டம் தொடங்குவதற்கு முன் மெதுவாக என் பக்கத்தில் வந்து குந்தினார்.

“யக்கா, நெசமா ஆடி எம்புட்டு நாளாச்சு. எங்க புள்ளைக ராத்திரியெல்லாம் தூங்கலை. அந்தப் பொஸ்தகம் செல்லாதுன்னாகளே, அதுக்கு நீங்க என்ன தப்பு பண்ணுனீக?”

“ஆள் மாத்தி எழுதினேன். ஊருக்கே தெரியுமே.”

“எங்க பொஸ்தகத்துல அப்படி ஒண்ணு கூட இல்லையேக்கா.” முகம் தொங்கிவிட்டது. “இருபத்தாறு வருசம். ஒழுங்கா எழுதித் தொலைச்சுட்டேன்.”

எனக்குப் பாவமாக இருந்தது. “ஒழுங்கா எழுதினேன்னு நீங்கதான அண்ணாச்சி சொல்லுதீக? வேற யாருக்குத் தெரியும்?”

அவர் என்னைப் பார்த்தார். மைதானத்தைப் பார்த்தார். அவர்களுடைய பெண்கள் கயிற்றுக்குள் இறங்குவதற்கு முன் குனிந்து புல்லைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“தப்பை ஒத்துக்கிற கடுதாசி யார் பேருக்குக்கா போடணும்?” என்றார்.

சொன்னேன். எழுதிக்கொண்டு மேஜைக்கு எழுந்து போனார்.

ரெக்ஸலின் முதல் பந்தைப் போட ஓடி வந்தாள். ஆர்வக்கோளாறில் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டாள். நோ பால். சுயம்புலிங்கம் அண்ணாச்சி மேஜையைப் பார்த்துக் கையைப் பக்கவாட்டில் நீட்டினார். ஜெபராணி சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் டிரம்மைப் பார்த்துக்கொண்டேன். அவள் பந்து போட்டவளின் பெயரைக் கோதண்டத்திடமும் கேட்டு, சரிபார்த்து, ‘ரெக்ஸலின்’ என்று எழுதிவிட்டுக் கை தூக்கினாள். பக்கத்தில் கோதண்டமும் தூக்கினார்.